தையலைப் பார்த்து வாங்கு, தம்பி

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். படகு நல்ல வடிவாக இருக்கிறது. பாவித்த படகு என்று சொல்லவே முடியாது, முன்னால் வைத்திருந்தவர் கண்ணுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார். அதோடு, மலிவு விலையில் போட்டிருக்கிறார்கள் என்று படகை மூடும் துணிக் கவர் ஒன்றின் படத்தையும் அனுப்பி, "இதை வாங்கட்டா அம்மா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதுதான் எழுதுகிறேன். அதை வாங்காதே.

நான் வேலை செய்த கன்வாஸ் கடையில், குளிர் விலகினால் போதும், கிழிந்த படகுக் கவர்கள் மேசைக்குக் கீழே குவிந்துவிடும். அவற்றைப் பிரித்துத் தைத்தே இந்த விஷயம் என் கைக்குள் வந்தது. வந்தவற்றில் துணி இற்றுப்போனவை குறைவு. துணி உரமாகத்தான் இருக்கும், நூல் இற்றிருக்கும். தையலின் இரண்டு பக்கமும் பெருவிரலை வைத்து மெல்ல விரித்தால் நூல் படபடவென்று அறுந்து ஒரு முழ நீளத்துக்கு வாய் திறந்துவிடும். தையல் நூல் துணிக்கு மேலே வெயிலில் கிடக்கிறது. வெயிலின் புற ஊதாக்கதிர் அதைத்தான் முதலில் தின்னும். அதனால் கடைக்காரர் துணியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால், நீ அதைக் கேட்டுக்கொண்டே தையலைப் பார்.

எப்படிப் பார்ப்பது? இரண்டு துண்டுகள் சேரும் இடத்தைப் புரட்டிப் பார். இரண்டு ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, மேலே இரண்டு வரிசைத் தையல் ஓடியிருக்க வேண்டும். ஒற்றைத் தையலும் உள்ளே பிசிறு தொங்கும் ஓரமும் என்றால் கீழே வைத்துவிடு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசி போன துளைகள் தெரியும், துளை பெரிதாகவும் நூல் மெல்லியதாகவும் இருந்தால் மழை அதனூடாக இறங்கும். நைலோன் நூல் வெயிலில் கெதியாகப் போய்விடும். வெயில் தாங்கும்படி பதப்படுத்திய தடித்த பொலியெஸ்டர் நூல் பரவாயில்லை, சில வருடம் தாங்கும். இவற்றுக்கு மேலே டெனாரா என்றொரு நூல் இருக்கிறது, கோர் கம்பனி செய்வது. டெஃப்லோன் இனத்துப் பொருள், வெயில் அதை ஒன்றும் செய்யாது, துணி இருக்கும் மட்டும் அதுவும் இருக்கும். விலை கூடத்தான். மெஷினில் வழுக்கும், இழுவையைத் திருத்தித் திருத்தித்தான் தைக்க வேண்டும். ஆனாலும் அளவெடுத்துத் தைப்பிப்பது என்று முடிவெடுத்தால் அந்த நூலைப் பெயர் சொல்லிக் கேள்.

துணிக்கு வருகிறேன். இங்கே கனடாவில் எல்லோர் வாயிலும் வருவது சன்பிரெல்லா என்ற துணி. கிளென் ரேவன் என்ற அமெரிக்கக் கம்பனி 1961 முதல் விற்கிறது. அது அக்ரிலிக் என்ற செயற்கை இழை. நெய்த பிறகு சாயத்தில் தோய்ப்பதில்லை, இழை உருவாகும்போதே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். அதனால் வெளிறுவது மிகக் குறைவு. ஒரு சதுர கஜத்துக்கு 9.25 அவுன்ஸ் எடை, கையில் எடுத்தாலே கனம் தெரியும். வாயில் வைத்து ஊதிப் பார், மூச்சு மறுபக்கம் போகும். அப்படிக் காற்றை விடுவதுதான் அதன் பெரிய குணம், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும். படகுத் துணிக்கு 10 வருட உத்தரவாதமும் தருகிறார்கள். அது துணிக்கு மட்டும்தான், வேறொருவர் போட்ட தையலுக்கு இல்லை.

நல்ல துணி. ஆனால் உனக்கு அது வேண்டாம். அக்ரிலிக் வெயிலுக்குப் பயப்படாது, உரசலுக்குப் பயப்படும். கோடை முழுக்கத் துறையில் கட்டி வைக்கிறவர்களுக்கு அது. நீ பாரி நகரத்தில் வீட்டு முற்றத்தில் ட்ரெய்லரில் வைத்திருக்கப்போகிறாய். சனி ஞாயிறு சிம்கோ ஏரிக்கு இழுத்துக்கொண்டு போவாய், லீவு கிடைத்தால் நெடுஞ்சாலை 400இல் ஏறி ஜோர்ஜியன் குடாப் பக்கம் போவாய். 100 கிலோமீற்றர் வேகத்தில் காற்று கவரைப் பிடித்து அடிக்கும். காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் இரண்டு மேல் மூலைகளும், கயிறு கட்டும் கொக்கிகளும் உள்ளிருந்து துணியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பழைய கவர் எதை விரித்தாலும் அந்த இரண்டு மூலையிலும் காசளவு ஓட்டை இருக்கும், ஏதோ அளந்து வெட்டினது போல. உனக்குத் தடித்த பொலியெஸ்டர்தான் சரி. அதிலும் இழையிலேயே நிறம் கலந்த பொலியெஸ்டர் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்கு.

நீ அனுப்பிய படத்தில் "600 டெனியர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு இழையை 9,000 மீற்றர் நீளத்துக்கு எடுத்து நிறுத்தால் எத்தனை கிராம் வருகிறதோ அதுதான் டெனியர். இழை எவ்வளவு தடிப்பு என்று மட்டும் அது சொல்லும். எவ்வளவு நெருக்கமாக நெய்தது, உள்ளே என்ன பூச்சு, நிறம் எப்படி ஏறியது, எந்த நூலால் தைத்தது, இவை எதையும் அந்த எண் சொல்லாது. ஒரே 600 போட்ட இரண்டு கவர்களில் ஒன்று முழுதாக இருக்க மற்றது சல்லடையாகி வந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அதே படத்தில் "17 முதல் 19 அடிப் படகுகள் எல்லாவற்றுக்கும்" என்றும் இருந்தது. எல்லோருக்கும் பொருந்தும் சட்டை ஒருவருக்கும் பொருந்தாது, தம்பி. தொய்ந்த கவர்தான் காற்றில் அடித்துக்கொள்ளும், தண்ணீரும் அதில்தான் தேங்கும். உன்னுடையது முன்பக்கம் திறந்து இருக்கை வைத்த படகு, அந்த முன் குழிக்கு மேலேதான் குளம் கட்டும். ஒரு சதுர மீற்றர் இடத்தில் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 100 கிலோ. எந்தத் துணியும் அதைச் சுமந்துகொண்டு நிற்காது. உன் படகின் கம்பனி, மாதிரி, வருடம் மூன்றையும் கொடுத்தால் அதற்கென்றே வெட்டிய கவர் வாங்கலாம். முழுக்க அளவெடுத்துத் தைப்பதைவிட விலை குறைவு, உனக்கு அது போதும். நீளத்தை அளக்கும்போது முன் நுனியிலிருந்து பின்பலகை நடு வரைக்கும் நேர் கோட்டில் பிடி, கண்ணாடிக்கு மேலால் வளைத்து அளக்காதே. அகலம் அதிகமாக இருக்கிற இடத்தில் குறுக்கே ஒரு அளவு எடு. பின்னால் நீந்த இறங்கும் படி தனியாகப் பூட்டியதென்றால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கவருக்கு அடியில் தாங்கு கம்பம் கட்டாயம் வேண்டும். முன் குழிக்கு ஒன்று, பின் இருக்கைக்கு நேரே ஒன்று. கம்பத்தின் தலை அகலமாக இருக்கட்டும், கூர்த்தலை துணியைத் துளைத்துவிடும். துணி கூரை மாதிரிச் சரிந்து இறுகி நிற்க வேண்டும், கையால் தட்டினால் அதிர வேண்டும்.

மாரிக்கு இது மட்டும் காணாது. பாரியில் விழும் பனி உனக்குத் தெரியும், ஏரிப்பக்கத்துப் பனி ஒரே இரவில் முழங்கால் அளவுக்கு ஏறும். அதற்கு மேலே உறைமழையும் பெய்தால் கம்பமும் தாங்காது. நடுவால் முன்னிருந்து பின்னுக்கு ஒரு மரச்சட்டத்தை முகடாக வைத்து, அதற்கு மேல் கவரைப் போடு. பனி தானாகச் சரியட்டும். மிச்சத்தை மெல்லிய தும்புத்தடியால் தள்ளு, சவள் கொண்டு சுரண்டாதே. வெள்ளைப் பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டிச் சுருக்கி மூடித் தருகிறார்கள், பனிக்கு அது நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் வசந்தத்தில் வெட்டி எறிய வேண்டும், அடுத்த வருடம் திரும்பக் காசு. எனக்கு மனம் இல்லை.

ஈரத்தைப் பற்றித்தான் எனக்கு அதிக கவலை. பூச்சுப் போட்ட பொலியெஸ்டர் மூச்சு விடாது. காற்றுப் போக்கிக் கண்கள் எதிரெதிர்ப் பக்கத்தில் குறைந்தது இரண்டு இல்லாத கவரை எடுக்காதே. ஏரியால் வந்த கையோடு ஈரப் படகை மூடாதே. இருக்கை மெத்தைகளை நிமிர்த்தி வைத்துக் காய விட்டு அப்புறம் மூடு. பின்னால் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் அடைப்பைக் கழற்றி, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்து, உள்ளே இறங்கும் தண்ணீர் தானாக வெளியே போகட்டும். கழற்றின அடைப்பைப் படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டு, அது இல்லாமல் படகைத் தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பேத்தி அந்த முன் இருக்கையில்தான் இருப்பேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறது. பூஞ்சணம் பிடித்த மெத்தையில் அவள் முகம் வைத்துப் படுக்கக் கூடாது. மலிவுக் கவர் வேண்டாம் என்று நான் நிற்பதற்கு முதல் காரணம் அதுதான்.

கழுவுவது சின்ன வேலை: குளிர்ந்த தண்ணீர், மென்மையான சவர்க்காரம், நிழலில் காயவிடுவது. ட்ரையரில் போடாதே. சில வருடத்தில் மழைத்துளி உருளாமல் துணிக்குள் ஊறத் தொடங்கினால் நீர் தள்ளும் மருந்தை விசிறிக்கொள்ளலாம்.

வசந்தத்தில் கன்வாஸ் கடைகளில் கூட்டம் தாங்காது, இப்போதே சொல்லிவை. கவர் வந்ததும் படகில் போட்டு இறுக்கி, கண்ணாடி மூலைகளும் கொக்கிகளும் துணியில் முட்டும் இடங்களில் சோக்கால் அடையாளம் போட்டுக்கொண்டு இங்கே கொண்டுவா. பேஸ்மென்டில் இருக்கும் பெரிய மெஷினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். உள்பக்கமாக மெத்தென்ற துணி வைத்து, அதே துணியில் மேலே இரட்டைத் துண்டு போட்டுத் தைத்துத் தருகிறேன். பட்டி போகும் வளையங்களையும் அப்போதே உரப்படுத்திவிடலாம். வீதியில் இழுக்கும்போது அந்தப் பட்டிகளைத்தான் பாவி, இலாஸ்டிக் கயிறு வேண்டாம், அது இழுபடும், காற்று உள்ளே புகும்.

வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா