வடக்கன்குளத்துச் சுவர்

சேசு மரி சூசை

பாளையங்கோட்டை

அன்புள்ள மகள் அமலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். மழை வந்தால் அவளுக்கு முட்டுவலி கூடுகிறது, மற்றபடி குறையில்லை.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயிலின் பழைய பிளான்தான் அது, சந்தேகமே வேண்டாம். ஒரு பீடம், அதிலிருந்து சாய்வாகப் பிரிந்து போகிற இரண்டு கூடங்கள். “1872-லேயே இப்படி யோசித்திருக்கிறார்களே, எத்தனை பேர் வந்தாலும் பீடத்துக்குக் கிட்ட இருக்கலாமே” என்று எழுதியிருந்தாய். உன் ஆபீசிலும் எல்லோரும் மெச்சினார்களாம். மெச்சட்டும், கட்டியவனுடைய கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கத்தான் செய்கிறது. அது எதற்குச் செலவானது என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று அவசரப்படுவாய். அதனால்தான் தாளும் பேனாவும்.

அந்த இரண்டு கூடமும் கூட்டம் அதிகம் என்று கட்டியவை இல்லை மக்ளே. ஒன்றில் பிள்ளைமாரும் முதலிமாரும். மற்றதில் நாடார் முதலான மற்றவர்கள். நடுவில் சுவர். காற்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்த கோயில் என்று வெள்ளைக்காரர்கள் புத்தகங்களில்கூட எழுதி வைத்துவிட்டார்கள்.

நான் பொதுப்பணித்துறையில் ஓவர்சியராகக் காலம் தள்ளியவன். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இதற்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு சுண்ணாம்பு என்றுதான் முதலில் புத்தி போகும். நீயே யோசித்துப் பார். ஒரே நீளக் கூடமாகக் கட்டியிருந்தால் நெடுஞ்சுவர் இரண்டு போதும். இங்கே கூரை இரண்டு, வாசல் இரண்டு, இரண்டு கூரையும் வந்து சேருகிற மூலையில் மழைத் தண்ணீர் இறங்குகிற தொல்லை வேறு. இவ்வளவு கூடுதல் செலவும் ஒரே காரியத்துக்கு: இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளைப் பார்க்கக் கூடாது, இரண்டு பேரும் பீடத்தைப் பார்க்க வேண்டும். நேர்கோட்டில் சுவர் எழுப்பிப் பாதியாக வகுத்தால் பீடத்தின் பாதியை அது மறைத்துவிடும். அதனால் கோணம். உன் ஆபீஸ்காரர்கள் மெச்சிய அந்தக் கோணம் பிறந்தது அப்படித்தான்.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற விஷயம் ஒன்று உண்டு. அப்போதெல்லாம் லத்தீன் பூசை. சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தைப் பார்த்து நிற்பார். “தோமினுஸ் வோபிஸ்கும்” என்று சொல்லும்போதுதான் திரும்புவார். அந்தக் கோயிலில் இரண்டு பக்கத்தையும் ஒருசேரக் காண முடிந்தது அப்படித் திரும்புகிறவருக்கு மட்டும்தான். ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று அவர் சொன்னதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் இந்தப் பக்கத்துக் காதில் விழாமலா இருந்திருக்கும்? தீட்டு கண்ணுக்கு மட்டும் என்று யார் கணக்குப் போட்டார்களோ!

வடக்கன்குளம் நேற்று முளைத்த பங்கு என்று எண்ணிவிடாதே. பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே சேசு சபை, அதான் ஜெசுவிட் சபைச் சாமியார்களின் காலடி பட்ட ஊர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசுகிற பூமி, இப்போது காற்றாலைகளாக நிற்கிற அதே பக்கம். அன்றைக்கு மேற்கே திருவிதாங்கூர் ராஜ்யம், கிழக்கே பாண்டிச் சீமை, இரண்டுக்கும் எல்லையோரம். திருவிதாங்கூரில் ஞானஸ்நானம் வாங்கினால் ஆபத்து என்கிறவர்களுக்கு எல்லை தாண்டினால் வடக்கன்குளம்தான் கதி.

அப்படி வந்தவர்தான் நம் தேவசகாயம். நட்டாலத்து நீலகண்டன், 1712-ல் பிறந்தவர், அரண்மனை உத்தியோகம். குளச்சல் போரில் 1741-ல் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிப் படைத் தலைவர் டிலனாய் இவருக்குக் கிறிஸ்தவ வேதத்தைச் சொல்லி வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். 1745 மே 14-ல், பரஞ்சோதிநாதர் என்று நம் ஆட்கள் அழைத்த இத்தாலியச் சாமியார் புத்தாரி கையால் ஞானஸ்நானம். அதன்பின் அவர் சாதி வித்தியாசம் பார்க்காமல் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார். விலங்கு பூட்டி ஊர் ஊராக இழுத்து, 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி ஞானப்பூ கடைசிவரை வடக்கன்குளத்தில் இருந்து அங்கேயே அடக்கமானார்.

கணக்குப் பார். எல்லோரோடும் சமமாக உட்கார்ந்தவர் தலையில் தண்ணீர் ஊற்றிய அதே பங்கில், 127 வருஷம் கழித்து, சேர்ந்து உட்காராமல் இருக்கக் கோயில் கட்டுகிறார்கள்.

2022 மே 15-ல் அவரைப் புனிதராக அறிவித்தபோது நீ லைவ் பார்த்ததாகச் சொன்னாய். அதற்கு முன்பு, 2020-ல், வத்திக்கான் அவர் பெயருக்குப் பின்னால் இருந்த ‘பிள்ளை’யை எடுத்துவிட்டது. சாதிப் பெயர் வேண்டாம் என்று இங்கிருந்தே எழுதிக் கேட்டிருந்தார்கள். நம் உறவுக்காரர்களில் சிலருக்கு அது பெரிய மனத்தாங்கல். புனிதர் பட்டம் கிடைத்த சந்தோஷத்தைவிட அந்த வால் போன துக்கம் அதிகம். என்ன சொல்ல!

சாமியார்கள் ஏன் சம்மதித்தார்கள் என்று நீ கேட்பாய். அதற்கும் பழைய கதை உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அதான் ராபர்ட் தெ நோபிலி, சாதியை ஊர்வழக்கம் என்று எடுத்துக்கொண்டார், வேதத்துக்கு விரோதம் என்று நினைக்கவில்லை. மேல்சாதிக்கு ஒரு சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று அந்த ஏற்பாடு வளர்ந்தது. ரோமாபுரியில் இதைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக வழக்காடினார்கள். 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் கொடுத்த தீர்ப்பில்கூட, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனிக் குருக்கள் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. குருவையே பிரிக்கலாம் என்றான பிறகு கூடத்தைப் பிரிக்க என்ன தயக்கம் வரப்போகிறது?

இது நெல்லைச் சீமையின் தனி வியாதி என்று எண்ணிக்கொள்ளாதே. புதுச்சேரிச் சம்பா கோயிலுக்குள்ளேயும் ஒரு தடுப்புச்சுவர் இருந்தது. 1745-ல், தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கிய அதே வருஷம், அங்கிருந்த பறையர் கிறிஸ்தவர்கள் பெரிய சாமியாரிடமே போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்று நியாயம் கேட்டு அதை இடிக்க வைத்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பதால் நமக்குத் தெரிகிறது. வேறு ஊர்களில் இவ்வளவு செலவு செய்யாமலே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். சிலுவை வடிவக் கோயிலென்றால் பக்கத்துக் கைகளில் ஒன்றை ஒரு கூட்டத்துக்கு ஒதுக்கிவிட்டால் ஆயிற்று. இரட்சிப்பின் அடையாளமான சிலுவை, இருக்கை பிரிப்பதற்கும் தோதாக இருந்திருக்கிறது. ஒரு கோயிலின் தரைப் பிளானைக் கையில் எடுத்தால், இனிமேல் எந்த வாசலில் யார் நுழைந்தார்கள் என்றும் கேட்டுப் பார்.

இனி சுவர் விழுந்த கதை. அப்போது வடக்கன்குளத்தில் இருந்தவர் பிரெஞ்சுக்காரச் சேசு சபைச் சாமியார் கௌசானல். இங்கே நம் பாளையங்கோட்டையில் 1903-ல் திரு இருதய சகோதரர் சபையைத் தொடங்கினாரே, அவரேதான். 1910-ல் நடுச்சுவரை இடித்துவிட்டார். அந்தக் காலத்தில் நம் பகுதி திருச்சி மேற்றிராசனத்தில், அதாவது திருச்சி ஆயரின் ஆளுகைக்குள் இருந்தது, தூத்துக்குடி மேற்றிராசனம் வந்தது 1923-ல்தான். ஆகவே சுவர் வேண்டும் என்றவர்கள் திருச்சி ஆயர் பார்த் ஆண்டகை பேரிலேயே வழக்குப் போட்டார்கள். இடித்த சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும், பீடத்து ஊழியத்தில் எங்களுக்குத்தான் உரிமை என்பது வழக்கு. சென்னை உயர்நீதிமன்றம்வரை போயிற்று. தோற்றுப் போனார்கள். ‘மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்’ என்று 1917-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. அடுத்தவன் பக்கத்தில் இருந்தால் தீட்டு என்று கிறிஸ்தவனாகிவிட்டவன் கோர்ட்டில் வந்து உரிமை கோர முடியாது என்பதுதான் அதன் சாரம். சாதியைப் பற்றிச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் புரட்டுகிறார்கள்.

எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது, கட்டியதும் பிரெஞ்சுச் சபைச் சாமியார்கள் காலத்தில், இடித்ததும் அதே சபைச் சாமியார் என்பது. ஒரே சபை, ஒரே வேதம், இடையில் 38 வருஷம். ஆகவே ‘அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை’ என்கிற சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். 1745-ல் புதுச்சேரிப் பறையர்களுக்குத் தெரிந்திருந்தது. சுவரின் வெளிப்பக்கத்தில் நின்றவனுக்கு எப்போதுமே தெரியும்.

உனக்கு இதுவரை நான் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் சுவர் வேண்டும் என்றவர்கள் பக்கம். உன் ஆச்சியின் மாமனார் அந்த வழக்குக்குப் பணம் கட்டினவர்களில் ஒருவர். தீர்ப்பு வந்த பிறகு அவர் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை, திண்ணையில் உட்கார்ந்தே ஜெபமாலை சொல்லுவார் என்று ஆச்சி சொல்வாள். பெருமையாகத்தான் சொல்வாள், அதையும் மறைக்க வேண்டாம். வயல் விற்ற பணம் வக்கீலுக்குப் போனதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

போன வாரம் உன் பெரியத்தை வந்திருந்தாள். மாப்பிள்ளைப் பையன் எந்த ஊர், எந்தப் பங்கு, தகப்பனார் என்ன வேலை என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? “கத்தோலிக்கப் பையன்தானே, பிறகென்ன?” என்றேன். “கத்தோலிக்கம் சரிடா, ஆள்க யாரு?” என்றாள். ‘நம்ம சபையில இதெல்லாம் இப்ப யாருப்பா பார்க்கிறா’ என்று நீ போன தடவை சொன்னாயே, பார்க்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் நிற்கிற ஊர்கள் இன்னும் உண்டு. செத்தவனுக்கு என்ன தீட்டு என்று கேட்க ஆளில்லை. கோயில் சுவரை இடிக்க ஒரு கௌசானல் போதுமாக இருந்தது, கலியாணப் பேச்சில் இருக்கிற சுவரை அவரவர் வீட்டுக்காரன்தான் இடிக்க வேண்டும்.

பெரியத்தையிடம் பையனுடைய சாதியைச் சொல்லிவிட்டேன். மறைத்துப் பேசினால் நாம் எதற்கோ வெட்கப்படுகிற மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். கலியாணத்துக்கு வருவாளா என்று தெரியவில்லை. பத்திரிகையை நானே கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். உன் அம்மா, “அவ வராம எங்க போவா, பலகாரத்துக்காவது வருவா” என்கிறாள். அவளுக்கு எல்லாம் சுலபம். சித்தப்பா பக்கத்திலிருந்து இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை. அதற்காக நீ அங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்காதே.

ஓலை வாசிப்பது, அதான் பூசையில் கலியாணத்தை எல்லோருக்கும் அறிவிப்பது பற்றிச் சாமியாரிடம் பேசிவிட்டேன். இங்கே நம் பங்கிலும் அவர்கள் பங்கிலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். வாசிக்காமல் விலக்கு வாங்கிக்கொள்ளலாமே, யார் வாயிலும் விழ வேண்டாமே என்று உறவில் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டாம் பூசையில், கூட்டம் நிறைய இருக்கும்போதே வாசிக்கட்டும். நானும் அம்மாவும் முன் வரிசையில் இருப்போம்.

உன் ஞானஸ்நானச் சான்றிதழை நான் எடுத்துக்கொள்கிறேன். உறுதிபூசுதல் சான்றிதழும், அங்கே உன் பங்குச் சாமியார் கொடுக்க வேண்டிய கடிதமும் நீதான் அனுப்ப வேண்டும். கலியாணத் தயாரிப்பு வகுப்பை அங்கேயே முடித்துவிட்டால் அதன் தாளையும் சேர்த்துப் போடு. பையனிடமும் சொல், அவன் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு உள்ளே எடுத்ததாக இருக்க வேண்டும், பழையது செல்லாது.

அன்புடன்,
அப்பா