வீடு கிடைத்த இடமே பேட்டையாயிற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நகரங்களில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் சேர்ந்து வாழும் பகுதிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, அவர்கள் தாங்களே விரும்பி ஒதுங்கிக்கொண்டதாகக் கூறியிருந்ததை மறுக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது தன்பாலின ஈர்ப்பாளர் என்று அறியப்பட்ட படைவீரர்களை அமெரிக்க ராணுவம் நீல நிறத்தாளில் ஆணை கொடுத்து வெளியேற்றியது. பசிபிக் களத்திலிருந்து அவ்வாறு அனுப்பப்பட்ட பலர் வந்திறங்கிய துறைமுகம் சான் பிரான்சிஸ்கோ. அந்தத் தாளோடு ஊருக்குப் போய் யார் முகத்தில் விழிப்பது என்று அங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. துறைமுகத்தை ஒட்டி வாழும் வடசென்னைக்காரர்களுக்கு இது புரியாத கதையன்று. பின்னாளில் தொழிலாளர் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தபோது, அந்நகரின் காஸ்ட்ரோ தெருவைச் சுற்றிய பழைய வீடுகள் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு மலிவாகக் கிடைத்தன. அங்கே 1973-இல் கேமராக் கடை திறந்த ஹார்வி மில்க், தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை மறைக்காமலேயே 1977-இல் நகர மேற்பார்வையாளர் குழுவுக்கு (நகர மன்றம்) தேர்வாகி, மறு ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய 1983-இல், அவர்களுக்கெனத் தனி வார்டு திறந்ததும் அந்நகரின் பொது மருத்துவமனைதான்.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது மேற்கு ஹாலிவுட். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வரவிருந்த நிலையில், வாடகை உயர்ந்தால் தெருவுக்கு வந்துவிடுவோம் என்று அஞ்சிய முதியவர்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் ஒன்றாக நின்று, 1984 நவம்பரில் வாக்களித்து அப்பகுதியைத் தனி நகராக்கினார்கள். முதல் நகர மன்றத்தில் பெரும்பான்மையினர் வெளிப்படையான தன்பாலின ஈர்ப்பாளர்கள். அம்மன்றம் முதலில் கையிலெடுத்த வேலைகளில் ஒன்று வாடகைக் கட்டுப்பாடு. ஒதுங்கிப்போக நினைப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு சேர்ந்து நகராட்சி அமைப்பார்களா?

2015-இல் திருமண உரிமை அமெரிக்கா முழுவதும் கிடைத்துவிட்டது, கைப்பேசியிலேயே நட்பும் துணையும் கிடைக்கின்றன, இனி இப்பகுதிகள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வசதி உள்ளவர்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு வரும் பிள்ளைக்கு, தன்னைப் போன்றவர்கள் நடமாடும் ஒரு தெரு இன்றும் தேவை. அந்தத் தெருக்களின் வாடகையோ அவனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இங்கும் 2018-இல் உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின் பிடியைத் தளர்த்தியது. ஆனால் 'டூ லெட்' பலகை அப்படியேதான் தொங்குகிறது. எங்கள் மாடிப் போர்ஷனைச் சென்ற ஆண்டு இரண்டு பெண்கள் கேட்டு வந்தார்கள். அதற்கு முன் ஏழு வீடுகளில், உறவு என்ன என்று கேட்டபின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். நாங்கள் கொடுத்தோம்; அதற்காக என் கணவரைத் தெருமுனையில் நிறுத்திக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. இக்காரணத்துக்காக வீடு மறுப்பதைத் தமிழக அரசு சட்டத்தில் வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.