வேன்காரனிடமிருந்து கவுன்சலிங் டீச்சருக்கு

வணக்கம் டீச்சர்.

'டீச்சர்' என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. முதலாம் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பிலிருந்து ஐந்தாம் படிவம் வரைக்கும் ஆறு வருடம் என் வேனில் வந்த பிள்ளை நீங்கள். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவீர்கள், பள்ளி வாசலில் எழுப்பிவிட வேண்டும். நம்ம சுங்கை சிப்புட்டுக்கே கவுன்சலிங் டீச்சராக மாற்றலாகி வந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாழ்த்துச் சொல்ல போன் போதும். இது வேறு விஷயம். மற்றப் பள்ளி ஆசிரியர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

என் வேன் டேஷ்போர்டுக்குள் மூன்று கடித உறைகள் இரண்டு வருடமாகக் கிடக்கின்றன. மூன்றும் ஓர் இடைநிலைப்பள்ளி அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள். பையன் தொடர்ந்து வரவில்லை என்று முதல் கடிதம், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. மூன்றும் போனது தோட்டத்து லயன் வீட்டு முகவரிக்கு. அந்த லயத்தை உடைத்துச் செம்பனங்கன்று நட்டு எவ்வளவோ நாளாயிற்று. குடும்பம் டவுனில் நாலாவது மாடி பிளாட்டில் இருக்கிறது. தோட்ட ஆபீசில் தேங்கிக் கிடந்ததை, "நீதான் அந்தப் பக்கம் போறியே, கொடுத்துடு" என்று கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, என் கையில் திணித்தபோது பள்ளியில் பையனின் பெயரை எடுத்தே விட்டிருந்தார்கள்.

ஒரு கடிதத்தின் பிரதியை அவன் கையிலும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். மலாய்க் கடிதம். வீட்டில் பாட்டி மட்டும். படித்துக் காட்டியது யார் என்கிறீர்கள்? அவனேதான். "விளையாட்டுப் போட்டிக்கு வரச் சொல்றாங்க பாட்டி" என்றிருக்கிறான். நான் உறைகளோடு போய் நின்றபோது சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு தேதியைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார் அந்த அம்மா. "அன்னிக்கு முட்டி வலி, போக முடியல தம்பி" என்று என்னிடமே வருத்தப்பட்டார். நான் உறைகளைக் கொடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

பள்ளியைக் குறை சொல்லி என்ன பயன்? விதிப்படி கடிதம் போயிருக்கிறது, கோப்பில் தேதியும் இருக்கிறது. நானும் யோக்கியன் இல்லை. அவன் வாசலில் இறங்கி, உள்ளே போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நழுவுவதைக் கண்ணாடியில் பார்த்தவன் நான். ஒரு நாள் இல்லை, பல நாள். 'வாசலோடு நம் வேலை முடிந்தது' என்று கியர் போட்டுக் கிளம்பிவிட்டேன். இப்போது அவன் கார் கழுவும் கடையில் நிற்கிறான். யாரோ ஒரு குண்டர் கும்பல் நம்பரும் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. எந்த நம்பரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வருடம் இன்னொருவன் இருக்கிறான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலாம் படிவம், பிற்பகல் பள்ளி. கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்காருவான். அம்மா ஈப்போ பக்கம் பேக்டரி வேலை, விடியுமுன்னே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். நான் 12:20க்குப் போகிறவரை அவனை எழுப்பவோ சோறு போடவோ ஆள் கிடையாது. போன வாரம் சிவப்பு விளக்கில் நின்றபோது அறிவியல் நோட்டை நீட்டி, "அண்ணே, 'ஞாத்தாக்கான்'னா என்ன?" என்றான். பக்கம் பக்கமாக அச்சு மாதிரி கையெழுத்து, கரும்பலகையில் உள்ளதை அப்படியே காப்பி அடித்திருக்கிறான். ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் வருகிற அந்த வார்த்தைக்கு 'குறிப்பிடு' என்று அர்த்தம் தெரியாது. மேலே 'ஃபோத்தோசிந்தேசிஸ்' என்று தலைப்பு. ஒளிச்சேர்க்கைதான்டா அது என்றேன். "அட, அது எனக்குத் தெரியுமே!" என்று இலை, வெயில், கரியமில வாயு என்று டவுன் வரும்வரை தமிழ்ப்பள்ளியில் படித்ததை ஒப்பித்துக்கொண்டே வந்தான். அதே பையனை வகுப்பில் 'வாய் திறக்காதவன், மந்தம்' என்கிறார்களாம். திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

எனக்கும் அந்த அனுபவம் உண்டு. மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து 1981-இல் புகுமுக வகுப்புக்குப் போனவன். நாலு வருடம் முக்கி மூன்றாம் படிவப் பரீட்சையான எஸ்.ஆர்.பி. எழுதினேன், அதோடு நின்றேன். அந்த ஒரு தாளைக் காட்டித்தான் லாரி கம்பெனி ஸ்டோரில் வேலை கிடைத்தது. இன்றைக்கு நடுவில் நிற்கிற பிள்ளைக்கு அந்தத் தாளும் இல்லை. ஆறாம் ஆண்டுப் பரீட்சை யு.பி.எஸ்.ஆர். 2021-இல் போனது, மூன்றாம் படிவத்து பி.டி.3 2022-இல் போனது. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். வரை தாக்குப்பிடித்தால்தான் கையில் ஏதாவது இருக்கும். பரீட்சைச் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் இரண்டாம் படிவத்தில் நழுவுகிறவனுக்கு அது வேறு கதை.

தொடக்கக் கல்வி 2003-இலிருந்து கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. இருட்டில் பேக்டரி பஸ் ஏறுகிற அம்மாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சட்டத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். பள்ளிப் பாரத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி எல்லாம் கேட்கிறார்கள். 'மதியம் 12 மணிக்கு வீட்டில் யார் இருப்பார்? அவருக்கு மலாய் படிக்கத் தெரியுமா?' என்று எந்தப் பாரமும் கேட்பதில்லை. புகுமுக வகுப்பு, முதலாம் படிவப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது நீங்கள் ஒரு நோட்டுப் போட்டு இதை எழுதி வையுங்கள். முதல் கடிதம் டைப் ஆகுமுன்னே அந்த வீட்டுக்குத் தமிழில் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு போகட்டும். என் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். எவன் ஏறினான், எவன் வாசலில் நழுவினான் என்று அன்றன்றே சொல்கிறேன். மற்ற வேன்காரர்களிடமும் பேசிவிட்டேன், ஒருவர் மட்டும் 'நமக்கு எதுக்கு வம்பு' என்றார். மெல்ல வருவார்.

இன்னொன்று. ஏதாவது அடிதடி என்றால் 14 நாள் வரை பள்ளி நீக்கம் செய்யலாம் என்று கட்டொழுங்கு விதியில் இருக்கிறது. காலையெல்லாம் தனியாகக் கிடக்கிறவனுக்கு மதியத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அவன் எங்கே போய் நிற்பான்? கார் கழுவும் கடை எட்டு மணிக்கே திறந்துவிடும். அந்த நாட்களை உங்கள் அறையிலேயே கழிக்க வைக்க முடியுமா என்று கட்டொழுங்கு ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல மனிதர் என்றுதான் கேள்வி.

ஏட்டுப் படிப்பே ஏறாத பிள்ளைகளும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கலும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் இருக்கிறது, எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சான்றிதழ் கொடுக்கும் தொழிற்பயிற்சிகள் இருக்கின்றன. ஆனால் அதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் 'உன்னை இங்கே வேண்டாம் என்கிறோம்' என்றுதான் பையன் காதில் விழும்.

வேன் காசு மாதம் 70 வெள்ளி. அரசாங்கம் பள்ளி தொடங்கும்போது தருகிற 150 வெள்ளி இரண்டு மாத வேனுக்குச் சரி. அவன் அம்மா இரண்டு மாதம் பாக்கி, அதை நான் கேட்கப் போவதில்லை. பாக்கிக்குப் பயந்துதான் அவன் புதன்கிழமை இறங்கி வரவில்லையோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

ஒரு நாள் மதியம் உங்களுக்கு ஒழிந்தால் என்னோடு வேனில் வாருங்கள். 12:20க்கு அவன் பிளாட் கீழே நிற்பேன், நீங்களே மேலே போய்க் கதவைத் தட்டலாம். திரும்பும்போது எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், அது அவன் இடம்.

அன்புடன்,
வேன் அண்ணன்