‘தெய்வாதீனமாக’ என்ற சொல் செய்தியில் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு மலைப்பாதையில் வாகனம் கவிழ்ந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், தங்கள் நாளிதழ் மட்டுமன்றி ஏறக்குறைய எல்லா நாளிதழ்களும் ஒரே சொல்லை எழுதுகின்றன: இன்னார் ‘தெய்வாதீனமாக’ உயிர் தப்பினார். அந்தச் சொல்லால் குறிக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1994ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அப்போது நான் ஏற்காட்டில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். மாலைப் பேருந்து போய்விட்டதால், சேலத்துக்கு இறங்கும் வேன் ஒன்றில் ஒன்பது பேர் ஏறினோம். பள்ளியின் சத்துணவு ஆயா, மருத்துவமனையில் இருந்த தம் மாமியாருக்குத் தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “வளைவுல எனக்கு வாந்தி வரும், ஜன்னலோரம் குடுங்க டீச்சர்” என்று கேட்டார், மாறிக்கொண்டோம். பனிமூட்டத்தில் ஒரு வளைவைத் திரும்ப முடியாமல் வேன் காபித் தோட்டச் சரிவில் இறங்கி, இரண்டு முறை புரண்டு, இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சிக்கி நின்றது. நினைவு திரும்பியபோது முதலில் எனக்குத் தெரிந்தது நசுங்கிய பச்சை மிளகின் வாசம். அந்த மரங்களில் ஏற்றியிருந்த கொடிகள் ஜன்னல் வழியே உள்ளே வந்து கிடந்தன. எனக்கு ஒரு கை மட்டும் முறிந்திருந்தது. அந்த அக்கா அங்கேயே இறந்துவிட்டார். பின் இருக்கையில் இருந்த இன்னொருவர் மறுநாள் இறந்தார்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் எனக்கு ஆயுசு கெட்டி என்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். ஏற்காட்டு மலைத் தெய்வமான சேர்வராயன்தான் மரமாக வந்து மறித்தான் என்று என் தாயார் உறுதியாக நம்பி, கோட்டை மாரியம்மனுக்கு உருவாரம் (நேர்த்திக்கடனாகச் செலுத்தும் உருவம்) சாத்தினார். நானும் அவருடன் சென்று கைகூப்பினேன், இன்றும் கூப்புகிறேன். அந்த நன்றியில் பொய் இல்லை.

ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய அந்த அக்காவின் மகள், என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவள், மதிய இடைவேளையில் வந்து கேட்டாள்: “உங்களை சாமி காப்பாத்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க டீச்சர். எங்கம்மா என்ன பண்ணாங்க?” நெற்றியில் குங்குமம் இல்லாமல் ஒரு நாளும் சமையற்கூடத்துக்குள் வராதவர் அவள் அம்மா, வெள்ளி தவறாமல் விரதம் இருந்தவர். நானோ அன்று காலை விளக்குக்கூட ஏற்றாமல் பேருந்துக்கு ஓடியவள். அவளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: தெய்வத்தின் ஆதீனத்தில் நடந்தது என்றால், நான் பிழைத்தது மட்டுமல்ல, அவர் இறந்ததும் அதே ஆதீனத்தில்தான் நடந்தது. ஒரே இருக்கையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கடவுளின் கணக்கிலும் மறு பாதியை விதியின் கணக்கிலும் எழுத என் மனம் ஒப்பவில்லை.

கணக்கு ஆசிரியை என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022இல் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். இத்தனை இலட்சம் விபத்துகளில், ஆயிரத்தில் ஒன்று, இலட்சத்தில் ஒன்று என்று நாம் வியக்கும் தப்பித்தல்கள் ஆண்டுதோறும் நிகழாமல் போனால்தான் ஆச்சரியம். அது யாருக்கு வாய்க்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், வாய்த்தவருக்கு அது தனக்கென்றே எழுதியதுபோலத் தோன்றுகிறது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். 11ஏ என்ற அவரது இருக்கை அவசர வழியை ஒட்டி இருந்தது. அவருடைய உடன்பிறந்த தம்பியும் அதே விமானத்தில் இருந்தார், அவர் பிழைக்கவில்லை. அந்த வீட்டு வாசலில் நின்று இது கடவுள் இருப்பதற்குச் சான்று என்று நம்மில் யாரால் சொல்ல முடியும்? 2019 ஐப்பசியில், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காகக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று தமிழ்நாடே வேண்டிக்கொண்டது. தீபாவளியன்றும் பட்டாசைக் கையில் எடுக்க மனம் வராத வீடுகளை நான் அறிவேன். குழந்தை உயிரோடு வரவில்லை. வந்திருந்தால் அதைச் சான்று என்றிருப்போம். வராததை எதற்கும் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் மட்டும் எண்ணப்படும் எதையும் கணக்கில் நாங்கள் சான்று என்று ஏற்பதில்லை. கோயில் சுவரில் பிழைத்தவர்களின் உருவாரம் மட்டுமே தொங்குகிறது. பிழைக்காதவர்களுக்காக நேர்ந்துகொண்ட உருவாரம் கடையிலிருந்து வாங்கப்படுவதே இல்லை.

கடவுள் மனிதர் கைகளின் வழியாகத்தான் செயல்படுகிறார் என்று சிலர் கூறுவார்கள். அதை நான் மறுக்க வரவில்லை. 2023இல் உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் 17 நாள் அடைபட்டிருந்தபோது சுரங்க வாயிலில் சிறு கோயில் ஒன்று இருந்தது. அதன் எதிரிலேயே துளையிடும் இயந்திரங்களும் ஓடின. இயந்திரம் உடைந்தபோது ஆட்கள் கையால் தோண்டினார்கள். பூஜை நடக்கிறதே என்று யாரும் தோண்டுவதை நிறுத்தவில்லை.

எங்கள் விபத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு. பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது என்று ஓட்டுநர் இரண்டு நாளாக உரிமையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் பிறகு தெரியவந்தது. ஆயினும் ஏழு பேர் பிழைத்த அற்புதத்தையே ஊர் பேசியது. அந்த வளைவில் தடுப்புச் சுவர் ஏன் இல்லை என்று ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை, நான் உட்பட. பிழைத்தவள் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிழைத்தவர் தாமே தெய்வம் காத்தது என்று சொன்னால் அதை அவர் கூற்றாக வெளியிடுங்கள். அது அவருடைய உரிமை. நிருபரின் வாக்கியத்தில் அச்சொல் வேண்டாம். அந்த இடத்தில், எது தடுத்து நிறுத்தியது, மரமா, சுவரா, சீட் பெல்ட்டா, வண்டியில் என்ன பழுது, ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதை எழுதுங்கள். இறந்தவரின் பிள்ளைகளும் மறுநாள் காலை அந்தச் செய்தியைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.