எல்லை தாண்டும் மருத்துவ அறிக்கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியானபோது, விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. அச்சட்டத்தின் 16ஆவது பிரிவைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டுத் தடுக்கும் நாடுகளைத் தவிர, வேறு எங்கும் நம் விவரங்களை அனுப்பலாம் என்பதே அதன் சாரம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை நேர்மாறானது. விவரங்களைப் பெறும் நாட்டில் போதிய பாதுகாப்பு உண்டென்று ஐரோப்பிய ஆணையம் ஏற்றிருக்க வேண்டும். இல்லையேல், அனுப்பும் நிறுவனமே ஒப்பந்தம் முதலியவற்றின் மூலம் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். விவரங்களை அனுப்ப அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஏற்பாட்டையே, அந்நாட்டு உளவு அமைப்புகளின் கண்காணிப்பிலிருந்து ஐரோப்பிய மக்களுக்குப் போதிய பாதுகாப்பும் முறையிட வழியும் இல்லை என்று கூறி, 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் செல்லாததாக்கியது.

அண்மையில் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குச் சென்றிருந்தேன். முக்கூடலிலிருந்து வந்திருந்த பீடித் தொழிலாளிப் பெண் ஒருவரின் கைப்பேசியை வாங்கி, செயலியை ஏற்றி, 'சம்மதம்' என்ற இடத்தையும் அங்கிருந்த ஊழியரே அழுத்திக் கொடுத்தார். விவரங்கள் வெளிநாட்டு சர்வர்களில் வைக்கப்படலாம் என்ற வரி ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் இந்த அறிவிப்பைத் தமிழிலும் பெறலாம் என்பது வரவேற்கத்தக்கது. ஆயினும், எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை அதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை.

நான் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணப் பரிவர்த்தனை விவரங்களை இந்தியாவில் மட்டுமே சேமிக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டபோது, முடியாது என்று முணுமுணுத்த பன்னாட்டு நிறுவனங்களும் பின்னர் வழிக்கு வந்தன. பணத்துக்குக் கிடைத்த அந்தக் காவல் ஒருவரின் நோய் விவரத்துக்கு ஏன் இல்லை? விவரங்களின் அளவையும் தன்மையையும் பார்த்து 'முக்கியத் தரவு நிறுவனங்கள்' என்று அரசு அறிவிப்பவை குறிப்பிட்ட சில விவரங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது எனக் கட்டளையிடப் புதிய விதிகளில் இடமிருக்கிறது. மருத்துவச் செயலிகள் மீது அதை முதலில் பயன்படுத்த வேண்டும்.

இழப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவரே இழப்பீடு கேட்க ஐரோப்பியச் சட்டம் உரிமை தருகிறது. இங்கோ அபராதம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இருந்த இழப்பீட்டு வழியையும் புதிய சட்டம் நீக்குகிறது. அந்த வழியை மீண்டும் சேர்க்கும் திருத்தத்தை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் கோர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
பாளையங்கோட்டை.