கூட்டம் முடிந்தது, கூலி வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் கீழுள்ள சபைகள் சேர்ந்து, மூன்று ராத்திரி நடத்திய கன்வென்ஷன் கூட்டத்தின் செய்தியைச் சென்ற இதழில் படித்தேன். 'திரளானோர் தேவ வார்த்தையைக் கேட்டு ஆசீர்வாதம் பெற்றனர்' என்று முடித்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கூட்டத்துக்கு எடுத்துக்கொண்ட வசனமே யாக்கோபு 1:22. 'திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்' என்று மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸில் எழுதியிருந்தது. நீங்கள் போட்ட படத்திலேயே அது தெரிகிறது.

பிரசங்கியார் அந்த வசனத்தை நன்றாகவே விளக்கினார். ஆனால் முதல் அதிகாரத்தோடு நின்றுவிட்டார். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவனுக்குப் பாதபடியும் காட்டுகிறவர்களை இரண்டாம் அதிகாரம் கண்டிக்கிறது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது ஐந்தாம் அதிகாரம். மூன்று ராத்திரியில் அங்கே போக நேரம் இல்லாமலா போயிற்று?

ஆலயத்தைக் கூட்டி மணியடிக்கிற எங்கள் கோவில்குட்டியாருக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் முன்பணம் போய்விட்டது. ஜமுக்காளம் விரித்தது, தண்ணீர் பிடித்து வைத்தது, ஜனங்கள் போனபின் நடுராத்திரியில் குப்பை கூட்டியது எல்லாம் அவர்தான். கடைசி நாள் ஆசீர்வாத ஜெபம் நடக்கும்போது மாற்று உடுப்புகூட இல்லாமல் வியர்த்து நனைந்த சட்டையோடு விளக்குக் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவுக்கு அவர் மனைவி எங்கள் புறவாசலில் வந்து கடன் கேட்டார். கமிட்டியில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். 'கோவில் வேலை ஊழியம் அல்லவா, கூலிக்கணக்கு பார்க்கலாமா அக்கா?' என்றார். அவருடைய கடையில் வேலை செய்கிறவர்களிடமும் இப்படித்தான் சொல்வாரா?

கூலி மட்டுமா? பேச ஆரம்பித்தால் எல்லாம் வருகிறது. சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டது 1833இல். எங்கள் ஊரில் இன்னமும் கல்லறைத் தோட்டம் இரண்டு. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தவர்கள் செத்த பிறகு சேர்ந்து கிடக்கக் கூடாதாம். சபை விருந்தான அசனத்தில் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்கிறார்கள். சரி, பந்தி முடிந்து வீட்டுக்குப் போனதும் பெண் வீட்டாரிடம் எத்தனை சவரன் என்று பேசுவதும் அவர்கள்தானே. கோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கும்போது அதெல்லாம் குருவானவர் ஐயருக்குத் தெரியாதா?

நம் சபைகளில் வசனத்தின்படி செய்தவர்கள் இல்லாமல் இல்லை. என் அம்மா தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்; சபைக் காணிக்கைக்கு அதுதான் போகும். அரிசி தட்டுப்பாடாய் இருந்த நாளிலும் அந்தப் பானையைத் தொட விடமாட்டார். பின்னாளில் பிஷப் ஆன அசரியா ஐயரும் மற்றவர்களும் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஜனங்கள் தங்கள் காசைப் போட்டுத் தெலுங்கு நாட்டில் டோர்னக்கல் பக்கம் ஊழியரை அனுப்பினார்கள். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார், தேவதாசியாக விடப்பட இருந்த பெண்பிள்ளைகளை வைத்துக் காத்தது 1901 முதல். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? உங்கள் பத்திரிகையில் இவர்களைப் பற்றி வருஷா வருஷம் கட்டுரையும் வருகிறது. அந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் எங்கள் கன்வென்ஷன் செய்தி வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இனி கன்வென்ஷன் செய்தி அனுப்புகிற சேகரங்களிடம், கோவில்குட்டியார் முதலான சபைப் பணியாளர்களுக்கு அந்த மாதம்வரை சம்பளம் கொடுத்தாயிற்றா என்று ஒரு வரி கேட்டு, வருகிற பதிலைச் செய்தியின் கீழே போடுங்கள். என் கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் மற்றதை எடுத்துவிடுங்கள், கோவில்குட்டியார் பற்றியதை மட்டும் எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்