தொட்டி வைத்தாயிற்று, டிராக்டர் ஒன்றுதானே வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழக விளையாட்டு மைதானத்தில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று நிறத்தில் குப்பைத்தொட்டி வைத்து ரிப்பன் வெட்டிய படம் போன வாரம் உங்கள் நாளிதழில் வந்திருந்தது. நல்ல விஷயம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கும் தடகளப் போட்டி என்றால் நடுவராகக் கூப்பிடுகிறார்கள், அதனால் மைதானத்தின் முன்பக்கத்தோடு கேலரிக்குப் பின்னால் இருக்கும் இடமும் எனக்குப் பழக்கம். அந்தப் பின்பக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதத்தான் இந்தக் கடிதம். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை, காரணம் நான் போய்வந்த வேறு மைதானங்களிலும் நிலைமை கிட்டத்தட்ட இதேதான், ஒன்றை மட்டும் பெயர் சொல்லித் திட்டுவது நியாயமில்லை.

கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி நடக்கிற ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லி, பொங்கல் பார்சலாக வருகிறது, சாம்பாரும் சட்னியும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்ட் போட்டு. பத்து மணிக்கு டீ, பேப்பர் கப்பில். விருந்தினர் மேடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அதில் பாதி பாட்டிலை இரண்டு மடக்கு குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஓடிவிட்டு வருகிற பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ், எலுமிச்சை, வாழைப்பழம். சுற்றிலும் பிளெக்ஸ் பேனர். வலிக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பா, காலில் ஒட்டிப் பிய்த்த டேப். மதியம் மறுபடி பார்சல். சாயங்காலம் பரிசளிப்பு முடிந்து எல்லோரும் பஸ் ஏறியபிறகு இவ்வளவும் ஒரே இடத்தில் சேர்கிறது.

மூன்று தொட்டியும் அன்றைக்கு மதியத்துக்கு முன்னாடியே நிரம்பிவிடும். நிரம்பியதும் எந்த நிறம் என்று யார் பார்க்கிறார்கள், இடம் இருக்கிற தொட்டியில் போடுவார்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் போடுவார்கள். சரி, அதையும் மீறி நாலு பிள்ளைகள் ஒழுங்காகப் பிரித்தே போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் வருவது ஒரு டிராக்டர், அதற்கு ஒரே ஒரு டிரெய்லர். பச்சையும் நீலமும் சிவப்பும் அதில்தான் கவிழ்கின்றன. இதை ஒருதடவை கண்ணால் பார்த்துவிட்ட மாணவன் அடுத்த முறை பிரித்துப் போடுவானா? நானாக இருந்தாலும் போடமாட்டேன்.

கொஞ்சமாவது மறுசுழற்சி நடக்கிறது என்றால் அது ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற தூய்மைப் பணியாளர் அம்மாக்களால்தான். டிராக்டர் வருவதற்குள் கேலரிப் படிக்குக் கீழே உட்கார்ந்து பாட்டில்களைப் பொறுக்கி, மூடியைத் திருகிக் கழற்றி ஒரு சாக்கிலும், மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காலால் மிதித்து நசுக்கிய பாட்டிலை இன்னொரு சாக்கிலும் போடுவார்கள். மூடியை ஏன் தனியாகப் போடுகிறார்கள் என்று கேட்டால் காயலான் கடையில் ரகம் பிரித்துக் கேட்கிறார்கள் என்பார்கள். அது சரியான வேலையும்கூட. பாட்டில் பெட் என்கிற ஒரு வகை பிளாஸ்டிக், மூடி வேறு வகை. ஆலையில் அரைத்துத் தண்ணீரில் போட்டால் பெட் மூழ்கும், மூடித்தூள் மிதக்கும், அப்படித்தான் அங்கே பிரிக்கிறார்கள். சாம்பார் ஊற்றிய குப்பைக்குள் கிடந்த பாட்டில் என்றால் கடைக்காரர் விலையைக் குறைத்துவிடுவார், சில சமயம் வேண்டாம் என்றே தள்ளிவிடுவார். கையுறைகூட இல்லாமல் இந்த வேலை நடக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறேன்.

அந்தப் பாட்டிலுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. பாட்டிலை உருக்கி நூலாக இழுத்துத் துணி நெய்வது நம் மாநிலத்திலேயே நடக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டுவந்த நீல நிற ஜாக்கெட்டின் துணி கரூரில் பழைய பாட்டிலிலிருந்து தயாரானது என்று அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பிள்ளைகள் போட்டிருக்கிற ஜெர்சியும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். பாட்டிலும் அதே பாலியஸ்டர்.

பேப்பர் கப் கதை வேறு. பேப்பர்தானே, மக்கிவிடும் என்று பச்சைத் தொட்டியில் போடுகிறார்கள். ஒரு கப்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள், உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் தோல் மாதிரி உரிந்து வரும். அது இல்லாவிட்டால் டீ நிற்காது. அதனால் அது உரத்துக்கும் ஆகாது, பேப்பர் ஆலைக்காரரும் லேசில் வாங்கமாட்டார். பிளாஸ்டிக் பூசிய இந்தக் கப், தண்ணீர் பாக்கெட், தெர்மாகோல் தட்டு, உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் கொடி எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை வந்து இத்தனை வருஷம் ஆகியும் அரசுப் பணத்தில் நடக்கிற மைதானத்தில், அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிற மேடையிலேயே அந்தக் கப்பில் டீ வருகிறது என்றால் தெருமுனை டீக்கடைக்காரரிடம் போய் அபராதம் போட எந்த முகத்தோடு போவது?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்குகிற இடங்களை மொத்தக் கழிவு உருவாக்குவோர் என்று தனியாக வைத்து, அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகம் என்றும் விளையாட்டு வளாகம் என்றும் இரண்டையுமே பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் குப்பையைப் பிரித்துத்தான் ஒப்படைக்க வேண்டும், மக்குவதை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும். விடுதி, உணவகம், மைதானம் எல்லாம் சேர்ந்த ஒரு வளாகத்துக்கு 100 கிலோ என்பது காலைச் சாப்பாட்டோடு தாண்டிவிடும். புல் வெட்டிய குவியலுக்கு எங்கள் மைதானத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? காய்ந்ததும் சுவரோரமாகத் தீ வைக்கிறார்கள், அந்தப் புகையில்தான் காலையில் பிள்ளைகள் சுற்றி ஓடுகிறார்கள். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லியாயிற்று. இத்தனைக்கும் புல்லும் வாழைப்பழத் தோலும் மிச்ச சோறும் சேர்ந்தால் உரக்குழிக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது, ஆடுகளத்துக்கு உரம் வெளியில் வாங்கவே வேண்டாம்.

வேறெங்காவது இது நடந்திருக்கிறதா என்று கேட்பவர்களுக்காக ஒன்று. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாக மைதானத்தில் 2008இலும், ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காருகிற ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழக மைதானத்தில் 2011இலும் இந்த வேலையை ஆரம்பித்தார்கள். ஓஹியோவில் வைத்துக்கொண்ட இலக்கு, சேருகிற குப்பையில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் குப்பைக் கிடங்குக்குப் போகாமல் திருப்பிவிடுவது. அவர்கள் முதலில் கை வைத்தது உள்ளே விற்கிற பொருளில். மக்கக்கூடியது அல்லது மறுசுழற்சிக்குப் போகக்கூடியது, இந்த இரண்டிலேயே சாப்பாடும் பானமும் விற்கும்படி கடைகளை மாற்றினார்கள், அப்புறம் தொட்டியும் இரண்டு வகை போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் அவர்களுடைய மக்கும் கப்பை இங்கே கொண்டுவந்து இறக்குவது வீண் செலவு, அந்த மாதிரி கப் பலவும் பெரிய உர ஆலையின் சூட்டில்தான் மக்கும், நம் உரக்குழியில் அப்படியே கிடக்கும். நமக்குத் தேவையும் இல்லை. பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் டம்ளர் ஆயிரம் வேண்டுமென்றாலும் கிடைக்கும், வாழை இலைக்குப் பஞ்சமில்லை, 20 லிட்டர் கேன் வராத கல்லூரியும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உள்விளையாட்டு அரங்கத்துக்குப் பின்னால் கழற்றிய டியூப் லைட்டுகளும் பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளும் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், பாதி உடைந்து கிடக்கிறது. அவற்றில் பாதரசம் இருக்கிறது. அது மின்கழிவு, அதற்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் கொடுக்க வேண்டும், டிராக்டரில் ஏற்றக் கூடாது. பெண்கள் உடை மாற்றும் அறையில் மூடி போட்ட தொட்டி ஒன்றுகூட இல்லை. நாள் முழுக்கப் போட்டி நடக்கிற இடத்தில் நாப்கினை எங்கே போடுவார்கள்? கழிவறைக்குள் போட்டு அடைத்துக்கொள்கிறது, அடுத்த நாள் அதே தூய்மைப் பணியாளர்தான் கையை விட்டு எடுக்கிறார்.

என் கோரிக்கை இதுதான். மைதானத்தைப் போட்டிக்குக் கொடுக்கும்போது பல்கலைக்கழகம் ஒரு அனுமதிக் கடிதம் தருகிறது. சின்தடிக் டிராக்கில் ஓட ஷூவில் எந்த நீள ஸ்பைக் ஆணி போடலாம், வேலியில் பேனர் கட்டலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும், முன்பணம் செலுத்தாவிட்டால் அனுமதி இல்லை என்று அதையும் வாங்குகிறார்கள். அதே கடிதத்தில் தண்ணீர் கேனில், டீ டம்ளரில், சாப்பாடு இலையில் என்று மூன்று வரி சேர்க்கட்டும், மீறினால் முன்பணத்தில் பிடிக்கட்டும். டிராக்டர் ஒப்பந்தக்காரரிடம் டிரெய்லருக்கு நடுவில் ஒரு தகரத் தடுப்பு போடச் சொன்னால் இரண்டு வெல்டிங் வேலை. பாட்டில் விற்ற பணம் அந்த அம்மாக்களுக்கே போகட்டும், அதை எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே அதற்கும் ஒருவர் டெண்டர் எடுத்துவிடுவார். உடை மாற்றும் அறைக்கு மூடித் தொட்டி வாங்க நிதிக்குழு கூட வேண்டியதில்லை, உடற்கல்வி இயக்குநரின் சில்லறைச் செலவிலேயே அடங்கும். இந்த வருஷப் போட்டிகளுக்கான அனுமதிக் கடிதங்கள் இன்னும் டைப் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன், பதிவாளர் அலுவலகத்தில் யாராவது இதைப் படித்தால் இப்போதே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)